கழித்துப்போட்ட ஓட்டங்கள்

என் தங்கையும் என் மனைவியும் ஒரே நாளில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்குக் கல்யாணமானதே அதனால்தான். தங்கை ஒரு நாள் மூக்குக்கண்ணாடி உடைந்த தோழி ஒருத்தியை நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு இழுத்துவந்தாள். பின்னறையில் வில்லை தேய்ப்பது என் வேலை. இப்போதும் அதே வேலைதான்.

"அண்ணா, இவளுக்குச் சீக்கிரம் போட்டுக் குடு. கண்ணாடி இல்லன்னா இவ கம்ப்யூட்டரை மோந்துதான் பாக்கணும்" என்றாள் தங்கை.

அடுத்த வருஷம் அந்தத் தோழி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அன்றிலிருந்து தங்கை அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஆனால் நீ, வா, போ எதுவும் மாறவில்லை. "அண்ணி, சாப்பிட வாடி" என்று கத்துவாள். "அண்ணியையே 'டி' போட்டுக் கூப்பிடற ஒரே வீடு உலகத்துல இதுதான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அம்மா, தங்கை, நாங்கள் இருவர். இரண்டாம் மாடியில் மூன்று அறைகள். தெருவைப் பார்த்த அறை தங்கைக்கு.

ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் வேறு வேறு வேலை. தங்கைக்கு இயந்திரம். கட்டடத்தின் அடித்தளத்தில், கூரையிலிருந்து அடுக்கடுக்காகத் தொங்கும் ஒரு பெரிய உருளை. அதை வாரக்கணக்கில் குளிரவைப்பார்கள். அதன் அடிமுனையில் நகம் அளவு சில்லு, அந்தச் சில்லில் நாற்பத்தொன்பது கியூபிட்டுகள், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள். பம்பு நின்றால் அவள்தான் ஓடவேண்டும். வீட்டுக்கு வரும்போது அவள் கையில் எப்போதும் லேசாக எண்ணெய் வாடை இருக்கும். என் மனைவிக்கு அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மேஜை. கீழே இயந்திரம் துப்புகிற எண்களை மேலே வாங்கி, அலசி, அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்கிற நிரல்களை எழுதுபவள் அவள்.

"அப்படி என்னதான்டி கண்டுபிடிக்கறீங்க?" என்று அம்மா ஒரு தடவை சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். தங்கை கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவின் கொண்டையிலிருந்த ரப்பர் பேண்டை உருவி, தண்ணீர் டம்ளரைச் சுற்றி மாட்டினாள்.

"இதை இழு, முறுக்கு, கோணலாக்கு. என்ன பண்ணாலும் டம்ளரைச் சுத்தித்தான் இருக்கும். ஆனா ரப்பரோட ஒரு இடத்தை மட்டும் பாத்தா அது எதையாவது சுத்தியிருக்கா, சும்மா கிடக்கானு சொல்ல முடியாது. முழுசா பாத்தாத்தான் தெரியும். பொருளுக்கும் அப்படி ஒரு நிலை இருக்கும்மா. பனிக்கட்டி, தண்ணி, ஆவின்னு சொல்ற மாதிரி இதுவும் ஒரு நிலை. ஆனா எந்த ஒரு மூலையிலயும் தெரியாது. முழுசுலயும் சேர்ந்து ஒளிஞ்சிருக்கும். இடவியல் நிலைன்னு பேரு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன?"

"எங்க மெஷின்ல இரைச்சல் ஜாஸ்தி. காதுக்குக் கேக்கற இரைச்சல் இல்ல. சூடு, அதிர்வு, கம்பியில வர்ற கசிவு, எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு கியூபிட்டையும் தட்டிக் கலைச்சுக்கிட்டே இருக்கும். எவ்வளவு இரைச்சல் வரைக்கும் அந்த நிலை தாங்கும், எப்போ இந்த ரப்பர் அறுந்துடும்? அதுதான் எங்க கேள்வி."

"முதல்ல ரப்பரைத் திருப்பிக் குடு, முடி சாப்பாட்டுல விழுது" என்றாள் அம்மா.

அந்தக் கேள்விக்கு அவர்களுக்குப் பதில் கிடைத்தது. மூன்று வருஷ வேலை. இரைச்சலை வேண்டுமென்றே படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இயந்திரத்தை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று சதவீதத்திலேயே கலைந்துவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்த நிலை, இவர்களிடம் ஆறு சதவீதம் வரை தாங்கியது. இந்த இயந்திரத்தின் இரைச்சலுக்கு ஒரு தனிப்போக்கு இருக்கிறது, அதனால்தான் தாங்குகிறது என்று கூடத்தின் தலைவர் விளக்கம் எழுதினார். கட்டுரை வெளியானது. முதல் பெயர் என் தங்கையுடையது, இரண்டாவது என் மனைவியுடையது. கட்டுரை வந்த எட்டாவது மாதம், வேறொரு நகரத்தில் புதிதாகத் தொடங்கும் ஆய்வுக்கூடத்துக்குத் தங்கையைத் தலைவியாக எடுப்பதென்று பேசி முடித்தார்கள். அங்கேயிருக்கும் குழு ஒப்புதல் கொடுத்ததும் நியமனக் கடிதம் வரும், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அம்மா மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். கீழ்வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார்.

அந்த ஆறு வாரத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளே பழைய நிரலைப் புது இயந்திரத்துக்காகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து கதவோரம் நின்றாள். 

"ஏங்க, நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்."

வீட்டில் ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இயந்திரத்தின் சில ஓட்டங்கள் வேறு காரணத்தால் கெட்டுப்போகும். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் கழிப்பது முறைதான். கழிப்பதற்கு அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த வரி கெட்ட ஓட்டங்களை மட்டும் கழிக்கவில்லை. கலைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, சில்லின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை சங்கிலியாக ஓடிய ஓட்டங்களையும் சேர்த்துக் கழித்திருந்தது.

"அந்தச் சங்கிலி ஓடுச்சுன்னாத்தான் நிலை செத்துப்போச்சுன்னு அர்த்தம். செத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, மிச்சம் இருக்கறதை எண்ணி, பாருங்க எல்லாம் உயிரோட இருக்குன்னு எழுதியிருக்கோம். ஃபெயிலான பசங்க பேப்பரைக் கிழிச்சுட்டு ரிசல்ட் போட்டா எல்லாரும் பாஸ்தான?"

"எத்தனை கழிஞ்சிருக்கு?"

"கீழ் படியில நூத்துக்குப் பதினொண்ணு. ஆறு சதவீதத்துல நூத்துக்கு அறுபத்தொண்ணு. அந்த எண்ணிக்கையை ஒரு தடவை பாத்திருந்தாப் போதும். நான் பாக்கவே இல்ல."

என் கையில் ஈரப் போர்வை இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி வாளியிலேயே போட்டேன்.

அன்று மாலையே தங்கையிடம் சொன்னாள். தங்கை சத்தம் போடவில்லை. "இரு, நான் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். நான்கு நாள் தன் அறையில் உட்கார்ந்து, அண்ணியின் நிரலைத் தொடாமல், தானே புதிதாக ஒன்று எழுதி, ஆரம்பத்திலிருந்து எல்லா ஓட்டங்களையும் எண்ணினாள். ஐந்தாம் நாள் வெளியே வந்தபோது தலை வாரியிருக்கவில்லை.

"நீ சொன்னது சரி. மூணு சதவீதத்துக்கு முன்னாலயே போயிடுது" என்றாள். பிறகு, "நானும் அந்த எண்ணிக்கையைப் பாக்கல, அண்ணி. மெஷின் என்னோடது. நான் பாத்திருக்கணும்" என்றாள். என் மனைவி அழுதாள். தங்கை அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இந்த இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் எதையும் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது.

"தலைவர்கிட்ட நாளைக்கே சொல்லிடலாமா?" என்றாள் மனைவி.

தங்கை கலைந்த தலையைக் கையால் ஒதுக்கினாள். "இன்னும் அஞ்சு வாரம். கடிதம் வந்துடட்டும். நான் அங்க போய்ச் சேர்ந்ததும் நானே எழுதறேன், என் பேர்லயே. நான் பொய் சொல்லச் சொல்லல. லேட்டா சொல்லுங்கறேன், அவ்வளவுதான்."

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவள் என்னிடம் எதிர்பார்த்தது என்ன என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் நான், "அஞ்சு வாரத்துல என்ன ஆயிடப் போகுது? யார் உயிரும் போகப்போறதில்ல. பொறுத்துக்கயேன்" என்றேன். சமையலறையில் அம்மா யாரிடமோ போனில், "ஆமா, தலைவியாத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி சரியென்று தலையாட்டினாள்.

அவளுக்கு அப்போதே ஒரு கடிதம் வந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எழுதியவர் வேறொரு நாட்டில், சிறிய ஆய்வுக்குழு ஒன்றில் வேலை பார்க்கிறவர். ஐம்பது வயது. பல வருஷம் வேறு தொழிலில் இருந்துவிட்டு, ஒரு வருஷ ஒப்பந்தத்தில் ஆராய்ச்சிக்குத் திரும்பியிருந்தவர். இவர்கள் கட்டுரையை வைத்துத் தங்கள் இயந்திரத்தில் அதே சோதனையைச் செய்துபார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அவருக்கு மூன்று சதவீதத்திலேயே எல்லாம் கலைந்துபோனது. எங்கே தவறு செய்கிறேன் என்று தெரியவில்லை, வழி சொல்ல முடியுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார். என் மனைவி, "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் போட்டிருந்தாள்.

பத்து நாளில் இன்னொன்று வந்தது. குளிர்விக்கும் முறையை மாற்றிப் பார்த்தாராம். பிறகு மூன்றாவது. கம்பிகளை எல்லாம் பிரித்து மறுபடி இணைத்தாராம். அதில் படங்கள் வைத்திருந்தார், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு படம், கீழே தேதி. மனைவி அதை எனக்குக் காட்டினாள்.

"பாருங்க, எவ்வளவு சுத்தமா வேலை செஞ்சிருக்காரு. அவரு பண்ணது அத்தனையும் சரி. தப்பா இருக்கறது நாங்கதான். இதை இவருகிட்ட ஒரு வரியில சொல்லிட முடியும்."

"இன்னும் மூணு வாரம்" என்றேன்.

இந்தச் சமயத்தில் தங்கையின் நியமனத்துக்கு ஒப்புதல் தரவேண்டிய குழுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். ஒரு மாதம் கூடியது. என் மனைவி சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துபோக ஆரம்பித்தாள். அம்மாவுக்கு வேறு சந்தேகம் வந்து, மருந்துக்கடைக்குப் போகலாமா என்று சந்தோஷமாகக் கேட்டாள். "அதெல்லாம் இல்ல அத்தை" என்று மனைவி சொன்னபோது அம்மா முகம் வாடியதை நான் பார்த்தேன்.

ஐந்தாவது கடிதம் ஒரு புதன்கிழமை காலை வந்தது. குட்டையான கடிதம். "எங்கள் குழுவில் என் கைகளில்தான் கோளாறு என்று நினைக்கிறார்கள். அவர்கள் நினைப்பது சரியாக இருக்கலாம். உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கவும்" என்று முடிந்திருந்தது.

மனைவி அதைப் படித்துவிட்டுக் கூடத்துக்குக் கிளம்பினாள். முதலில் அடித்தளத்துக்குப் போனாள். நடந்ததை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு வார்த்தை மாறவில்லை. தங்கை பம்பின் அருகே குனிந்து நின்றிருந்தாள்.

"நான் இன்னிக்குச் சொல்லிடப் போறேன்."

"இன்னும் பன்னண்டு நாள்தான் அண்ணி."

"அந்த மனுஷன் தன் கையில கோளாறுன்னு எழுதறாருடி."

தங்கை ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "உங்க இஷ்டப்படி செய்ங்க" என்றாள்.

அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் தன் அண்ணியை நீங்க என்று சொன்னாள். பிறகு மாறவே இல்லை.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். ஓட்டங்களை எண்ணிப் பார்த்தார். கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று அவரே சொன்னார். பிறகு விதிப்படி கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டார்: "இது உங்களுக்கு எப்போ தெரியும்?" என் மனைவிக்குப் பொய் வராது. தேதி சொன்னாள். "வேற யாருக்குத் தெரியும்?" அதையும் சொன்னாள்.

நான் நினைத்தது, தவறு செய்தவளுக்குத்தான் அடி விழும் என்று. நடந்தது வேறு. தானாக முன்வந்து சொன்னதற்காக என் மனைவியைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திப் பாராட்டினார்கள். இளையவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் தலைவர். அவள் எழுந்து நின்றாளாம், உட்கார மறந்துபோய் அப்படியே நின்றாளாம். தங்கையின் நியமனத்தை அந்தப் புது ஆய்வுக்கூடத்தார் ரத்து செய்தார்கள். தவறு எல்லாருக்கும் வரும், ஆனால் தவறு என்று தானே சரிபார்த்துத் தெரிந்த பிறகும் ஏழு வாரத்துக்கு மேல் பேசாமல் இருந்தவரை ஒரு கூடத்துக்குத் தலைமையாக வைக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தைத் தங்கை படித்துவிட்டு மேஜைமேல் விரித்தபடியே விட்டுப் போனாள். அம்மா அதை எடுத்துப் படித்தாள்.

அந்த வெளிநாட்டுக்காரருக்கு என் மனைவி நீளமாக, எதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். தவறு முழுவதும் எங்களுடையது, உங்கள் அளவீடுகள் அத்தனையும் சரி, இதை உங்கள் குழுத் தலைவருக்கும் காட்டுங்கள் என்று. ஐந்து நாள் கழித்து அவர் அலுவலகத்திலிருந்து வேறு யாரோ இரண்டு வரி பதில் அனுப்பினார்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு போய்விட்டார். புது விலாசம் தங்களிடம் இல்லை.

தலைவரிடம் சொன்ன அதே புதன்கிழமை அவள் எழுதினாள். வெள்ளிக்கிழமை வரை அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். படித்தாரா, படித்தும் பயனில்லாமல் போனாரா என்று தெரியவில்லை. என் மனைவி பல இடங்களில் விசாரித்தாள். ஒரே பெயரில் இரண்டு பேர் கிடைத்தார்கள். இருவருமே அவர் இல்லை.

வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. தங்கை ஒரு மாதத்தில் கூடத்தை விட்டாள். மருத்துவமனைகளில் உடம்பைப் படமெடுக்கும் பெரிய காந்த இயந்திரங்களைக் குளிரவைத்துப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் ஏழு மணி நேரத் தூரம். அவள் பெட்டி கட்டிய அன்று அம்மாவும் தன் துணிகளை எடுத்து வைத்தாள்.

"நீ எதுக்கும்மா?" என்றேன்.

"அவளுக்கு யாரு இருக்கா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் பெண்டாட்டி நல்லவதான்டா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவ முகத்தைப் பாத்துட்டு என்னால சாப்பிட முடியல" என்றாள். மனைவி பக்கத்து அறையில்தான் இருந்தாள். எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை.

பஸ் நிலையத்தில் மழை. பெட்டிகளை ஏற்றிவிட்டு நான் தங்கையிடம், "பொறுத்துக்கன்னு சொன்னது நான்தான். அன்னிக்கே சொல்லியிருந்தா உனக்கு இந்த வேலை போயிருக்காது, அந்த மனுஷனுக்கும் போயிருக்காது. என்னைத் திட்டேன்" என்றேன்.

"நீ சொல்லலைன்னாலும் நான் அதைத்தான் கேட்டிருப்பேன், அண்ணா" என்றாள். "உள்ள போ, நனையற."

என் மனைவி எல்லா ஓட்டங்களையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டாள். ஒன்பது மாதம். இந்த முறை கழித்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காரணம் எழுதி, தனிப் பட்டியலாக வைத்தாள். நிலை இருக்கிறது, உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் இரண்டரை சதவீதத்துக்கு மேல் தாங்கவில்லை. ஏறக்குறைய எல்லாரும் ஏற்கெனவே எதிர்பார்த்திருந்த விடைதான். அதை யாரும் அவசரமாகப் படிக்கவில்லை. தங்கையின் பெயரை முதலில் போட்டு அவளுக்கு அனுப்பினாள். "என் பெயர் வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்த ஓட்டங்கள் எல்லாமே அவள் ஓட்டியவை. பெயர் இல்லாமலே வெளிவந்தது, அடியில் நன்றி என்று ஒரு வரியோடு.

போன மாதம் நான் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் வேலையாக இருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, புது ஊரில் இன்னும் யாரும் பழக்கமாகவில்லை, நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். கம்பெனி பரவாயில்லை என்றாள். "இங்க மெஷின் நின்னா உடனே தெரிஞ்சிடும். யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நெற்றியோரம் நரைத்திருந்தது. நான் கடையிலிருந்து அவளுக்கென்று தேய்த்துக் கொண்டுபோன கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள். கிளம்பும்வரை இன்னும் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு அவர்கள் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை பஸ் பிடித்து, வழியில் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம். மனைவி கதவைத் திறந்தாள். பையை வாங்கிக்கொண்டாள். அத்தை எப்படி இருக்காங்க என்றாள், சொன்னேன். வேலை எப்படி என்றாள், சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் ஈரக் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

கேட்டாள் என்று சொல்வதற்கு வாய்வரை வந்துவிட்டது. இப்போதைக்குச் சொல்லிவைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை.

"இல்ல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். எழுந்துபோய் என் காலணியை எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, பால்கனியில் காயவைத்தாள். பிறகு தட்டு எடுத்து வைத்து, சாப்பிட வாங்க என்றாள்.